உதய நேரத்து பலூன்: குமரி மாவட்டத்திலிருந்து கிளம்புகிறவர்கள் எங்கே போவது?

பொங்கல் நெருங்கும்போது ஒரு தடவை, கல்ஃபிலிருந்து சொந்தக்காரர்கள் லீவுக்கு வந்துபோன பிறகு ஒரு தடவை, இந்தக் கேள்வி வரிசையாக வரும். மார்த்தாண்டத்து ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "எனக்கு நீளமான லீவு ஏப்ரல், மேயில்தான். எங்கே போனால் விடியக்காலம் பலூனில் பறக்கலாம்?" குளச்சலிலிருந்து ஒரு மகன்: "அப்பாவுக்கு அறுபது முடியுது. ரெண்டு பேரையும் பலூன்ல ஏத்தணும்னு ஆசை. அம்மாவுக்கு முட்டு வலி உண்டு, ஏத்தலாமா?" மூன்றாவது கேள்வியை எல்லோருமே கேட்கிறார்கள்: "கடலு இருக்கு, மலை இருக்கு, இவ்வளவு கூட்டம் வருது. நம்ம கன்னியாகுமரியிலயே பலூன் விட்டா என்ன?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். பலூன் எப்படிப் பறக்கிறது என்று தெரிந்தால், மற்ற ஊர்களை எடைபோடுவது பாதி முடிந்த மாதிரி.

## இங்கே ஏன் விட முடியாது

வெப்பக்காற்று பலூனுக்கு ஸ்டீயரிங் கிடையாது. கேஸில் தீ எரியும் பர்னரைத் திறந்தால் மேலே போகும், உச்சியில் உள்ள வால்வைத் திறந்தால் கீழே வரும். பைலட்டின் கையில் இருப்பது இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு உயரத்திலும் காற்று கொஞ்சம் வேறு திசையில் ஓடும். வேண்டிய திசைக்கு ஓடும் காற்று எந்த உயரத்தில் இருக்கிறது என்று தேடிப்பிடித்து அதில் போய் நிற்பதில்தான் அவருடைய திறமை இருக்கிறது. இறங்குமிடம் கிளம்பும்போது யாருக்கும் திட்டமாகத் தெரியாது. அதனால்தான் கீழே ஒரு வண்டியில் ஆட்கள் துரத்திக்கொண்டே வருவார்கள்.

விடியற்காலையில் பறப்பதற்கும் காரணம் காற்றுதான். வெயில் ஏறினால் தரை சூடாகி அனல்காற்று திட்டுத்திட்டாக மேலே கிளம்பும். பலூன் அதில் மாட்டினால் கட்டுக்குள் நிற்காது. உதயத்தை ஒட்டிய ஒன்றிரண்டு மணி நேரம் காற்று அடங்கியிருக்கும். வெளிக்காற்று குளிர்ந்திருப்பதால் தூக்கும் விசையும் கூடும், கேஸும் மிச்சம். தரையில் மணிக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்தால் பலூனை விரிக்கவே மாட்டார்கள்.

இப்போது நம் மாவட்டத்தைப் பாருங்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்த மாதங்களில் பலூன் பேச்சே கிடையாது. காற்று அடங்கிய மாதங்களில் வேறு சிக்கல். விடியற்காலையில் கரையிலிருந்து கடலை நோக்கித்தான் காற்று போகும், வள்ளம் தள்ளுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நாகர்கோவிலில் கிளம்பும் பலூன் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் தெற்கே நகர்ந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் கடலுக்கு மேல் நிற்கும். அதற்குமுன் இறக்கிவிடலாம் என்றால் எங்கே இறக்க? தென்னந்தோப்பு, வாழை, மேற்கே போனால் ரப்பர், நாஞ்சில் நாட்டில் தண்ணீர் நிற்கும் வயல். மிச்ச இடமெல்லாம் வீடு. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழ்கிற மாவட்டம் இது. போதாததற்குக் காற்றாலைகளிலிருந்து வரும் மின்கம்பிகள். பலூனுக்கு மின்கம்பியைவிடப் பெரிய எதிரி கிடையாது. கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகமும் எவ்வளவு பக்கம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வான்வெளி அனுமதி சுலபமாகக் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கயிற்றில் கட்டி ஏற்றி இறக்கும் பலூன் என்றால் இங்கேயும் முடியும். அது ஏறுவது ஏறத்தாழ நூறு அடி உயரம்தான். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் உயரமே 115 அடி. அதன்மேல் எத்தனையோ தடவை நடந்தவர்களுக்கு அந்த உயரம் புதிதாக ஒன்றும் காட்டப்போவதில்லை.

## எதை வைத்து அளப்பது

கட்டா, பறப்பா என்பதுதான் முதல் கேள்வி. கயிற்று பலூனில் சில நிமிடம் ஏறி இறங்குவீர்கள். கட்டில்லாத பறப்பு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். விளம்பரப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். காசு கட்டும் முன் இதைக் கேட்காமல் விட்டால் மற்றதெல்லாம் வீண்.

அடுத்தது உதிரிக் காலைகள், அதாவது ஒரு நாள் ரத்தானால் மறுநாள் பறக்கக் கையில் வைத்திருக்கும் காலைகள். என்னைக் கேட்டால் கட்டணத்தைவிட, காட்சியைவிட இதுதான் முக்கியம். காற்றோ மூடுபனியோ மழையோ காரணமாகப் பறப்பு ரத்தாவது இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது. ரத்தானால் நல்ல நிறுவனங்கள் பணத்தைத் திருப்பித் தருவார்கள், இல்லையென்றால் மறுநாளைக்கு மாற்றுவார்கள். ஆனால் நீங்கள் போட்ட விமான டிக்கெட்டையும் ஓட்டல் வாடகையையும் யாரும் தரமாட்டார்கள். ஒரே ஒரு காலையை வைத்துக்கொண்டு போவது லாட்டரி எடுப்பதுதான். குறைந்தது இரண்டு காலை, தூர தேசமென்றால் மூன்று காலை கையில் வேண்டும். பலூனை முதல் நாளுக்கே பதிவுசெய்ய வேண்டும். நிறையப் பேர் 'கடைசி நாள் ஸ்பெஷல்' என்று ஒதுக்கிவைக்கிறார்கள், அது தலைகீழ்.

உடம்பையும் பார்க்க வேண்டும். கூடைக்குள் இருக்கை கிடையாது, ஒரு மணி நேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டும். கூடைப் பக்கவாட்டில் உள்ள கால்துளைகளில் மிதித்து ஏறி உள்ளே இறங்க வேண்டும். தரையிறங்கும்போது முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, போகும் திசைக்கு முதுகைக் காட்டி, உள்ளே உள்ள கயிற்றுப் பிடியை இறுகப் பிடிக்கச் சொல்வார்கள். காற்று இருந்தால் கூடை இழுபட்டுச் சாயும். கர்ப்பிணிகளையும், அண்மையில் முதுகிலோ முட்டிலோ இடுப்பிலோ அறுவைச் சிகிச்சை செய்தவர்களையும் ஏற்ற மாட்டார்கள். ஐந்தாறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் பொதுவாக இடமில்லை, கூடை விளிம்புக்குமேல் தலை தெரியாது. உடல் எடை 110, 120 கிலோவைத் தாண்டினால் கூடுதல் இடத்துக்குக் காசு கேட்பதும் உண்டு. குளச்சல் தம்பிக்கு இதுதான் பதில்: அம்மா மாடிப்படி ஏறி இறங்குவாரா, ஒரு மணி நேரம் நிற்பாரா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏற்றலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் வேண்டாம்.

பிறகு, உங்கள் லீவும் பலூன் காலமும் ஒத்துப்போக வேண்டும். கடைசியாக, வீட்டுப் படியிலிருந்து வீட்டுப் படிவரை ஆகும் செலவு. கீழே உள்ள தொகைகளை ஆளுக்கு ஏறத்தாழ என்று கொள்ளுங்கள். சீசனுக்குச் சீசன் மாறும்.

| | பொள்ளாச்சி விழா | ஜெய்ப்பூர் | துபாய் | கப்படோக்கியா (துருக்கி) |
|---|---|---|---|---|
| பறப்பு | பொதுமக்களுக்குப் பெரும்பாலும் கயிற்று பலூன் | கட்டில்லாத பறப்பு | கட்டில்லாத பறப்பு | கட்டில்லாத பறப்பு |
| காலம் | பொங்கலை ஒட்டி | செப்டம்பர் கடைசி முதல் மார்ச் வரை | அக்டோபர் முதல் மே வரை | ஆண்டு முழுதும், குளிர்காலத்தில் ரத்து அதிகம் |
| பலூனுக்கு மட்டும் | குறைவு | பத்தாயிரம் ரூபாயும் மேலும் | ஆயிரம் திர்ஹாம் சுற்றுவட்டாரம் | நூறு யூரோவிலிருந்து இருநூற்றைம்பதுக்கு மேலும் |
| கையில் வேண்டிய காலைகள் | ஒன்று போதும் | இரண்டு | இரண்டு | மூன்று |
| விசா | இல்லை | இல்லை | வேண்டும் | வேண்டும், சிக்கலானது |

## பொள்ளாச்சி

தமிழ்நாடு சர்வதேச பலூன் திருவிழா 2015-இல் தொடங்கியது. பொங்கலை ஒட்டி வெளிநாட்டு பலூன்கள் வந்து இறங்கும். 2025-இல் சென்னைக்கு அருகே திருவிடந்தை, மதுரை, பொள்ளாச்சி என மூன்று ஊர்களில் நடந்தது. ஆண்டுக்கு ஆண்டு இடம், தேதி மாறலாம்.

யானை, தவளை என்று விதவிதமான வடிவங்களில் பலூன்கள் விரிவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை. மாலையில் இருட்டியதும் பர்னர் நெருப்பில் அத்தனை பலூன்களும் ஒளிரும். ஆனால் உதயத்தில் வானத்தில் மிதக்க வேண்டும் என்ற ஆசையோடு போனால் ஏமாற்றம்தான். காலையில் கட்டில்லாமல் பறக்கும் பலூன்களில் இடம் மிகக் குறைவு, அந்த இடமும் டிக்கெட் வாங்குகிறவர் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. காற்று எங்கே கொண்டுபோகும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் உண்டு: 2025 ஜனவரியில் பொள்ளாச்சியில் கிளம்பிய ஒரு பலூன் எல்லை தாண்டிப் போய்ப் பாலக்காடு மாவட்டத்தில் வயலில் இறங்கியது. உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறைந்திருக்கும் செலவு பயணத்தில் இருக்கிறது. பொங்கல் வாரத்தில் நாகர்கோவில்–கோயம்புத்தூர் ரயிலில் இடம் வேண்டுமென்றால் 60 நாள் முன்பதிவு திறக்கும் அன்றே, அதாவது நவம்பர் நடுவிலேயே உட்கார்ந்துவிட வேண்டும். விட்டால் காரில் போக வேண்டும், இல்லாவிட்டால் பொங்கல் கட்டணத்தில் ஆம்னி பஸ். திருச்செந்தூரிலிருந்து திருநெல்வேலி, மதுரை, பழனி வழியாகப் பாலக்காடு போகும் ரயில் பொள்ளாச்சியிலேயே நிற்கும். திருநெல்வேலியில் ஏறினால் கோயம்புத்தூர் போய்ச் சுற்ற வேண்டியதில்லை.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும், பலூனை ஒருமுறை கிட்டப்போய்ப் பார்த்துவிட்டுப் பெரிய செலவு செய்யலாமா என்று யோசிப்பவர்களுக்கும் பொள்ளாச்சி போதும்.

## ஜெய்ப்பூர்

முதல்முறை பறக்கிறவருக்கு என் வாக்கு இங்கேதான். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், நம் நாட்டின் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் பெற்ற நிறுவனங்கள் பல ஆண்டுகளாக நடத்துகின்றன. கீழே ஆரவல்லிக் குன்றுகள், ஊர்கள், வயல்கள். காற்று இசைந்தால் ஆமேர் கோட்டைப் பக்கம். 'இசைந்தால்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கோட்டைக்கு மேலே பறப்பதாக யாராவது சத்தியம் செய்து விற்றால் அவரிடம் வாங்காதீர்கள். கூடையும் சிறிது, துருக்கியைப்போல இருபது இருபத்தைந்து பேர் நெருக்கியடிக்க வேண்டியதில்லை.

மாதம் தேர்வதில் கவனம் தேவை. நமக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழை. அதே நேரம் ராஜஸ்தானில் வானம் தெளிந்து கிடக்கும். அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசிவரையும், பிறகு பிப்ரவரியும் நல்லது. கிறிஸ்துமஸைக் குடும்பத்தோடு கொண்டாடிவிட்டு 26-ஆம் தேதி கிளம்பலாம் என்று நம் பக்கத்தில் நிறையப் பேர் திட்டம் போடுவார்கள். டிசம்பர் கடைசியும் ஜனவரியும் வடக்கே மூடுபனிக் காலம். பலூனும் தாமதமாகும், விமானமும் தாமதமாகும்.

திருவனந்தபுரத்திலிருந்து பெங்களூரு அல்லது மும்பை வழியாக விமானம். நேரம் இருக்கிறவர்கள் எர்ணாகுளத்திலிருந்து வாரம் ஒருமுறை கிளம்பும் மருசாகர் எக்ஸ்பிரஸில் போகலாம், கொங்கண் வழியே ஏறக்குறைய இரண்டு நாள். பறப்பு, விமானம், மூன்று இரவு தங்கல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு முப்பத்தைந்து, நாற்பதாயிரத்தில் முடிக்கலாம் என்பது என் கணக்கு. சொல்லாமல் விடும் செலவுகள்: கட்டணத்துக்குமேல் ஜிஎஸ்டி, ஓட்டலிலிருந்து விடியற்காலை வண்டி, உதிரிக் காலை தேவைப்படாமல் போனால் ஒரு நாள் சும்மா இருக்கும் செலவு. கடைசியாகச் சொன்னதை நான் செலவாகவே நினைக்கவில்லை, ஜெய்ப்பூரில் ஒரு நாள் கூடுதலாக இருப்பது யாருக்குக் கசக்கும்?

ஆசிரியைக்கு மட்டும் இது ஒத்துவராது, ஏப்ரல், மேயில் ஜெய்ப்பூர் பலூன்கள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். காலாண்டு விடுமுறை அக்டோபர் தொடக்கம்வரை நீளும் ஆண்டுகளில் முயலலாம்.

## துபாய்

வேறு எந்த மாவட்டத்துக்காரருக்கும் இந்த வசதி இவ்வளவு பொருந்துமா தெரியவில்லை. துபாயிலோ ஷார்ஜாவிலோ ஓர் அண்ணனோ சித்தப்பா மகனோ இல்லாத தெரு நம் ஊரில் குறைவு. திருவனந்தபுரத்திலிருந்து நேரடி விமானம், நாலு மணி நேரத்துக்குப் பக்கம். தங்கும் செலவு மிச்சமானால் பலூனுக்கு ஆகும் இருபத்தைந்தாயிரம் பாரமாகத் தெரியாது.

பாலைவனத்தில் பறப்பதில் ஒரு பெரிய நன்மை, எங்கே வேண்டுமானாலும் மணலில் இறங்கலாம். மரமில்லை, வீடில்லை, கம்பிகள் குறைவு. பயப்படுகிற பெரியவர்களை ஏற்றுவதென்றால் இதுவே பரவாயில்லை என்பேன். காட்சியில்தான் கொஞ்சம் சப்பை. முதல் இருபது நிமிடம் மணல்மேடுகளில் நிழல் நீளுவதைப் பார்க்க வாய் பிளப்போம். அப்புறம் மணல், இன்னும் மணல். அதனாலேயே சில நிறுவனங்கள் கூடைக்குள் வல்லூறு வைத்து வித்தை காட்டுகின்றன.

மறைமுகச் செலவு வண்டியில் இருக்கிறது. ஏற்றிச்செல்லும் வண்டி ஓட்டல்களுக்கு வரும், சொந்தக்காரர் குடியிருக்கும் இடத்துக்கும் வருமா என்று முன்பே கேளுங்கள். இல்லையென்றால் விடியற்காலை நாலு மணிக்கு டாக்ஸி. காலையில் வேலைக்குப் போக வேண்டிய அண்ணனை மூன்று மணிக்கு எழுப்பிக் கார் ஓட்டச் சொல்வதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மே மாதமோ பலூன் காலத்தின் கடைசி, வெக்கை. ஆசிரியை ஏப்ரல் பிற்பாதியிலேயே போய்வந்துவிட்டால் நல்லது.

## கப்படோக்கியா

படத்தில் பார்த்து எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். எரிமலைச் சாம்பல் இறுகிய பாறையில் காற்றும் மழையும் செதுக்கிய கூம்புகள், அவற்றைக் குடைந்த குகைத் தேவாலயங்கள், மேலே ஒரே நேரத்தில் நூறு பலூன்கள். கோரெமே பள்ளத்தாக்கு 1985 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. காட்சிக்கு மட்டும் மார்க் போட்டால் மற்ற மூன்றும் பக்கத்தில் வராது.

ஆனால் வழி கரடுமுரடு. இந்திய பாஸ்போர்ட்டுக்கு இணையவழி விசா எளிதில் கிடைப்பதில்லை. அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளின் செல்லுபடியாகும் விசா அல்லது குடியிருப்பு அனுமதி கையில் இருப்பவர்களுக்குத்தான் அது. மற்றவர்கள் விண்ணப்ப மையத்துக்கு அலைய வேண்டும். 2025 மேயில் இரு நாட்டு உறவு கசந்தபோது பல இந்தியப் பயண நிறுவனங்கள் துருக்கி பேக்கேஜ் விற்பதை நிறுத்திவைத்தன, தெரிந்த ஏஜென்ட் மூலம் போக நினைப்பவர்கள் முதலில் அதை விசாரியுங்கள்.

இஸ்தான்புல்லிலிருந்து கைசேரி அல்லது நெவ்ஷெஹிருக்கு இன்னொரு விமானம். அதன்பிறகும் பறப்பது உறுதியில்லை. அன்றைக்குப் பறக்கலாமா என்பதை அந்நாட்டு விமானத் துறைதான் முடிவுசெய்கிறது. தடை என்றால் எல்லா நிறுவனத்துக்கும் தடை. இரண்டு நாள் தொடர்ந்து தடை வந்தால் தேங்கிய கூட்டம் மூன்றாம் நாளுக்கு முண்டியடிக்கும், கட்டணம் எகிறும். கட்டணம் பங்குச் சந்தைபோல ஏறி இறங்கும். குளிர்காலத்தில் பனி போர்த்திய பள்ளத்தாக்கு அழகுதான். ஆனால் உறைநிலைக்குக் கீழே போகும் குளிருக்கு நம்மிடம் உடுப்பு கிடையாது, அதையும் வாங்கவேண்டும். ஆளுக்கு ஒன்றரை, இரண்டு லட்சம் ஒதுக்கினால்தான் நிம்மதி.

ஏப்ரல், மே இங்கே நல்ல காலம். ஏற்கெனவே ஐரோப்பா அல்லது அமெரிக்க விசா உள்ளவர்கள், திரும்பும் வழியில் நாலு நாள் செலவழிக்க முடிந்தவர்கள், யோசிக்காமல் போகலாம். ஒரே ஒரு காலைக்காக இங்கிருந்து அவ்வளவு தூரம் போவதாக இருந்தால் நான் தடுப்பேன்.

எகிப்தின் லக்சர் நகரத்தில் பலூன் மலிவு என்றும் சொல்வார்கள். மலிவுதான், நைல் நதியும் அரசர்களின் பள்ளத்தாக்கும் அருமைதான். 2013 பிப்ரவரியில் அங்கே ஒரு பலூன் தரையிறங்கும்போது தீப்பிடித்து 19 பேர் இறந்ததும் நடந்த கதை. அதன்பின் விதிகளை இறுக்கினார்கள். போகிறவர்கள் விலையை மட்டும் பார்த்து நிறுவனத்தைத் தேர வேண்டாம்.

## பலூனா, உதயமா?

இதை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு உண்மையில் வேண்டியது உயரத்திலிருந்து ஓர் உதயம். அதற்குப் பொற்றையடிப் பக்கம் மருந்துவாழ்மலை இருக்கிறது. டார்ச்சோடு ஐந்து மணிக்கு ஏறத் தொடங்கினால் ஜனவரியில் ஆறரை தாண்டி எழும் சூரியனுக்கு நிதானமாகப் போய்ச் சேரலாம். கீழே கன்னியாகுமரி, கடல், மறுபக்கம் காற்றாலைகள். உயரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் தள்ளிப்போவதால், சூரியன் கீழே நிற்பவரைவிடக் கொஞ்சம் முன்பே தெரியும். முந்நூறு மீட்டரில் மிதக்கும் பலூன்காரருக்கு அந்த லாபம் ஏறக்குறைய இரண்டு நிமிடம். குரங்குகள் உண்டு, தின்பண்டப் பையை வெளியே தெரியவிடாதீர்கள். மழை பெய்த மறுநாள் ஏறாதீர்கள். விவேகானந்தர் பாறையிலிருந்து உதயம் பார்க்கலாம் என்று நினைத்து வெளியூர்ச் சொந்தக்காரர்களை அழைத்துப்போகவும் வேண்டாம், படகு வழக்கமாக எட்டு மணிக்குத்தான் ஓடத் தொடங்கும்.

## பணம் கட்டும் முன்

இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: கட்டில்லாத பறப்புதானா, வானத்தில் எத்தனை நிமிடம், கூடையில் எத்தனை பேர், ரத்தானால் பணம் எத்தனை நாளில் திரும்பும், காற்றுக்காக நிறுவனம் ரத்துசெய்வதும் நீங்கள் ரத்துசெய்வதும் ஒரே விதியா. பயணக் காப்பீட்டில் பலூன் பறப்பு சேருமா என்று பாலிசியைப் பிரித்துப் படியுங்கள், பலவற்றில் சாகச விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவார்கள். சேலை, நீளத் துப்பட்டா, செருப்பு வேண்டாம். ஷூவும், தலைக்கு ஒரு பருத்தித் தொப்பியும் போதும், பர்னர் தலைக்கு மேலேயே எரியும். மேலே கழிவறை கிடையாது, நாலு மணிக்குத் தரும் டீயைப் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.